நாடிமுத்து பக்கத்தில் என்ன நியாயம்?

கேள்வி: நான் ஒரத்தநாடு பக்கத்தில் பள்ளி ஆசிரியை. பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு வரலாற்று நாவல் எழுதியிருக்கிறேன். மேட்டூர் அணைக்குள் மூழ்கிய ஓர் ஊரிலிருந்து மாதையன் என்ற பையன், 1934இல் எங்கள் பக்கத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் பிழைக்க வருகிறான். உள்ளூர்ப் பையன் நாடிமுத்து அவனை ‘அசலூரான்’ என்று ஒதுக்குகிறான். மாட்டை அவிழ்த்து விடுகிறான், நாற்றங்காலை மிதித்துப் பாழாக்குகிறான். புது ஆற்றில் முதல் தண்ணீர் வரும் நாளில் நாடிமுத்துவை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. மாதையன் குதித்துக் காப்பாற்றுகிறான். இருவரும் நண்பர்களாகிறார்கள். இதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே பிள்ளைகள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும், “நாடிமுத்து ஏன் டீச்சர் இப்படிப் பண்றான்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வரலாறு அதிகமாகிவிட்டதா? பிள்ளைகள் கதை என்பதால் சாதியைத் தொடாமல் விட்டேன், அது சரியா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தையும் நான்கு அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். அந்தச் சிறுமி கேட்டதை ஒரு தாளில் எழுதி, நீங்கள் எழுத உட்காரும் இடத்தில் ஒட்டி வையுங்கள். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கான புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு கையெழுத்துப் பிரதியின் நோயை ஒரே வரியில் இப்படிச் சொன்னவர்கள் குறைவு.

பிள்ளைகள் நெளிந்ததற்கு வரலாறு காரணம் இல்லை. நாடிமுத்து கெட்ட பையன், அதனால் கெட்டது செய்கிறான். இதற்கு மேல் அவனிடம் உங்கள் கதையில் ஒன்றும் கிடையாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது போதாது. அவர்கள் தினமும் சண்டை போடுகிறவர்கள். ஒவ்வொரு சண்டையிலும் தன் பக்கம் ஒரு நியாயம் இருந்தது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அவனுக்குரிய நியாயம் உங்கள் ஊரிலேயே கிடக்கிறது. நீங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. அதே திட்டத்தில் வெட்டியதுதான் கல்லணைக் கால்வாய், உங்கள் பக்கத்துப் பேச்சில் புது ஆறு. நாம் ஆறு என்று பேர் வைத்துவிட்டோமே தவிர, அது மண்வெட்டியும் கூடையும் கொண்டு மனிதர்கள் வெட்டியது. கல்லணையில் பிரிந்து, தஞ்சாவூர் ஊருக்குள் புகுந்து, அதுவரை ஆற்றுத் தண்ணீரே பார்க்காத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி மேட்டு நிலத்துக்கு அது போகிறது. அப்படி வெட்டிக்கொண்டு போன வழியில் யாருடைய நிலமோ இருந்திருக்கும் அல்லவா? அது நாடிமுத்து அப்பாவின் கடலைக் கொல்லையாக இருக்கட்டும்.

சர்வே ஆட்கள் வந்து சங்கிலி பிடித்து அளக்கிறார்கள். கொல்லைக்கு நடுவில் கல் நடுகிறார்கள். கிணறு இந்தக் கரையில், கொல்லையில் பாதி அந்தக் கரையில். ஈட்டுப் பணம் வந்திருக்கலாம். பதினொரு வயதுப் பையனுக்குப் பணக் கணக்கு தெரியாது. தாத்தா வைத்த புளியமரத்தை வெட்டிச் சாய்த்தது தெரியும். அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவில் மண்வெட்டியோடு நின்றவர்களில் ஒருவர் மாதையனின் அப்பா. இப்போது நாடிமுத்து நாற்றங்காலை மிதிக்கட்டும். உங்கள் வகுப்பில் ஒருவரும் ‘ஏன்’ என்று கேட்க மாட்டார்கள். இரண்டு பேராவது ‘இன்னும் நல்லா மிதிடா’ என்பார்கள்.

ஒருவனுக்கு ஊர் போனது, இன்னொருவனுக்குக் கொல்லை பிளந்தது. இரண்டு பேரிடமிருந்தும் எடுத்துக்கொண்டது ஒரே தண்ணீர். இது இருவருக்கும் தெரியாது, வாசிக்கிற பிள்ளைக்குத் தெரியும். இது போதும், இருநூறு பக்கம் ஓடும்.

இதற்காக மாமா வீட்டை நீங்கள் விட்டுவிட வேண்டியிருக்கும். விடுங்கள், அது முதலிலிருந்தே எனக்கு உறுத்தியது. மேட்டூரை ஒட்டிய கொளத்தூர், பண்ணவாடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்கு அந்தக் காலத்தில் ஒரத்தநாட்டில் மாமன் இருந்தார் என்பதை நம்புவது கஷ்டம். பெண் கொடுத்தது, எடுத்தது எல்லாம் வண்டி கட்டிப் போய் வரும் தூரத்துக்குள்தான். நிலம் போன பிறகு மண் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு தகப்பன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்பி வருவது நம்பும்படி இருக்கிறது. வேலை முடிந்ததும் மற்றவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் குடும்பம் மட்டும் புதிதாகத் தண்ணீர் பாயப்போகும் நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்குக் கேட்டு நின்றுவிடுகிறது. உறவு என்று ஒருவரும் இல்லாத ஊர். மாமன் வீடு இருந்தால் மாதையன் வந்த அன்றைக்கே பாதி சொந்தக்காரன் ஆகிவிடுவான், அப்புறம் கதை எதற்கு?

ஊர்க்காரனாவது என்பதை நீங்கள் வசனத்தில் சொல்கிறீர்கள். நான்காம் அத்தியாயத்தில் மாதையன், “எனக்கென்று ஒரு ஊர் இல்லையே அம்மா” என்று அழுகிறான். பதினொரு வயதுப் பையன் அப்படிப் பேச மாட்டான். அவன் வாயில் இருக்கும் சொல்லை வைத்தே இதை நீங்கள் காட்டலாம். மேட்டூர்ப் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குக் காடு என்று பேர். ‘அப்பா காட்டுக்குப் போயிருக்காருங்க’ என்றால் விதைக்கவோ களை வெட்டவோ போயிருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் ஊரில் அதே நிலம் கொல்லை. வந்த புதிதில் மாதையன் ‘காடு’ என்று சொல்லும்போதெல்லாம் பையன்கள், புலி இருக்கா கரடி இருக்கா என்று கேட்டுச் சிரிக்கட்டும். இருபது அத்தியாயம் கழித்து ஒரு சாயங்காலம், அப்பா எங்கே என்று யாரோ கேட்க, அவன் யோசிக்காமல் ‘கொல்லைக்குப் போயிருக்கு’ என்கிறான். அவனுக்கு அது தெரியவே இல்லை. அடுப்படியில் இருக்கும் அம்மாவின் கை மட்டும் ஒரு நொடி நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு வரிகூட விளக்கம் எழுதாதீர்கள்.

வேலையும் அப்படித்தான். விவசாயக் குடும்பத்தில் பிள்ளையை ஊர் ஏற்றுக்கொள்வது, எந்த வேலைக்கு அவனைக் கூப்பிடுகிறார்கள் என்பதில் தெரியும். நீங்கள் ‘மாதையன் வயலில் கடுமையாக உழைத்தான்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். அவனைக் கடலை ஆயும் இடத்தில் உட்கார வையுங்கள். பிடுங்கிய செடிகள் அம்பாரமாகக் கிடக்கும். பெண்களும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து காயைக் கிள்ளிக் கூடையில் போடுவார்கள். ஈர மண் நகத்துக்குள் ஏறி எரியும். பச்சைக் கடலையின் பால் வாசனை கையை விட்டுப் போகாது. இளசு எது, முற்றல் எது என்று பார்க்காமலே விரலுக்குத் தெரியும். அப்படித் தெரியாதவன் கூடை நிறையாது. ஆய்ந்த காயை மரக்காலால் அளந்து, அதில் ஒரு பங்கு கூலி. அளக்கிறவர் மரக்காலைத் தலைதட்டி அளக்கிறாரா, குவித்து அளக்கிறாரா என்பதை எல்லாக் கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கும். நாடிமுத்துவுக்குக் குவித்து விழுகிறது, மாதையனுக்குத் தலைதட்டி விழுகிறது. இவ்வளவுதான் காட்சி. ‘ஒதுக்கினார்கள்’ என்ற சொல்லே வேண்டாம்.

இனி முடிவுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். தண்ணீரில் விழுந்தவனைத் தூக்கிக் காப்பாற்றும் முடிவை எடுத்துவிடுங்கள்.

முதல் காரணம் தண்ணீர். வறண்ட வாய்க்காலில் முதல் தண்ணீர் ஆளை அடித்துக்கொண்டு போகும் வெள்ளமாக வருவதில்லை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பக்கம் வளர்ந்தவள் நான், வருடா வருடம் அதைப் பார்த்திருக்கிறேன். அது நாக்கை நீட்டிக்கொண்டு ஊர்ந்து வரும். முன்னால் நுரை, அதற்கு முன்னால் சருகும் ஆட்டுப் புழுக்கையும் வைக்கோல் துரும்பும். மண் வெடிப்பைக் கண்டால் அதற்குள் இறங்கிக் காணாமல் போகும். ‘நின்னுபோச்சு’ என்று நாங்கள் கத்துவோம். வெடிப்பு நிரம்பியதும் மறுபடி கிளம்பும். பிள்ளைப்பூச்சியும் எறும்பும் வண்டும் அதற்கு முன்னால் ஓட, கொக்கும் மைனாவும் அதைக் கொத்திக்கொண்டே கூட நடக்கும். ஐந்து வயதுப் பிள்ளை அதோடு பேசிக்கொண்டே நடந்து வரலாம். பெரியவர்கள் பூவும் நெல்லும் எறிந்து கும்பிடுவார்கள். இந்த அதிசயத்தை விட்டுவிட்டு எதற்கு ஒரு வெள்ளம்? இரண்டு பையன்களும் ஆளுக்கொரு கரையில், ஒருவரோடு ஒருவர் பேசாமல், அந்த நுரையோடு ஊர் எல்லை வரை நடந்து வருகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். ஒருவன் தன் கொல்லையைத் தின்ற தண்ணீரைப் பார்க்கிறான். இன்னொருவன் தன் ஊரை மூடிய தண்ணீரைப் பார்க்கிறான். இரண்டு பேருக்கும் அதில் கால் வைக்க ஆசையாக இருக்கிறது.

இரண்டாவது காரணம் பெரியது. உயிரைக் காப்பாற்றியதால் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் மாதையன் அந்த ஊரில் இருப்பதற்கு ஒரு விலை கொடுத்திருக்கிறான் என்று ஆகிறது. நல்லவன், வீரன் என்று நிரூபித்தால்தான் இடம். உங்கள் வகுப்பிலேயே வேறு ஊரிலிருந்து, வேறு மாநிலத்திலிருந்து வந்து படிக்கிற பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நீங்கள் விரும்ப மாட்டீர்கள்.

பங்காளி என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். பங்கு உள்ளவன்தான் பங்காளி. நம் ஊரில் தீராத சண்டைக்கும் அவனையே சொல்வோம், பங்காளிக் காய்ச்சல் என்போம். வழிப்போக்கனோடு யாரும் வரப்புச் சண்டை போடுவதில்லை. ஊரில் பங்கு இல்லாதவனோடு தண்ணீர்ச் சண்டையும் கிடையாது. அதனால் உங்கள் கதையில் சண்டை முடிந்து சொந்தம் பிறக்க வேண்டியதில்லை. சண்டையின் சுபாவம் மாறினால் போதும். முதல் பாதியில் நாடிமுத்து ‘போ இங்கிருந்து’ என்று சண்டை போடுகிறான். கடைசியில் ‘உன் முறை முடிஞ்சுபோச்சு’ என்று சண்டை போடுகிறான்.

அந்தக் கடைசிக் காட்சி எனக்குக் கண்ணில் தெரிகிறது. முறைத் தண்ணீர். இரவில் இத்தனை நாழிகை இவருக்கு, அப்புறம் அடுத்தவருக்கு. மாதையன் குடும்பத்தின் பேர் முதல்முறையாக அந்த வரிசையில் ஏறியிருக்கிறது. அப்பாவுக்குக் காய்ச்சல், பையன் மட்டும் லாந்தரோடு மடையில் உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் வயலில் பரவும் சத்தத்தில் கண் சொக்கிவிடுகிறது. நாடிமுத்து வந்து தோளைப் பிடித்து உலுக்குகிறான். “டேய், எந்திரிடா! நிலா பனைமரத்தைத் தாண்டிருச்சு. இப்ப என் முறை. மடையை அடை.” மாதையன் அடைக்க மாட்டேன் என்கிறான், இன்னும் தாண்டவில்லை என்கிறான். இரண்டு பேரும் இடுப்பளவு இருட்டில் நின்று நிலாவையும் பனைமரத்தையும் காட்டிக் கத்திக்கொள்கிறார்கள். அங்கேயே நிறுத்திவிடலாம். மறுநாள் அவர்கள் சேர்ந்து விளையாடினார்களா என்பதைப் பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

சாதி பற்றிய உங்கள் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். விடக் கூடாது. 1934இன் தஞ்சை ஜில்லாவில் வயலை எழுதிவிட்டு, அதில் யார் இறங்கினார்கள், யார் வரப்பில் நின்றார்கள் என்பதை எழுதாமல் விட்டால் அது வரலாற்று நாவல் ஆகாது. சாமி படத்து வயல் ஆகிவிடும். உங்கள் பிரதியில் இரண்டாம் அத்தியாயத்தில் அஞ்சலை என்று ஒரு பெண் நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு வரியில் வந்து போகிறாள். பண்ணையாள் மகள் என்று மட்டும் சொல்கிறீர்கள். எனக்கு அவளைத்தான் மறக்க முடியவில்லை.

அவளைக் கூப்பிட்டு வாருங்கள். எந்த மடையை எவ்வளவு திறந்தால் எந்த வயல் எப்போது நிரம்பும் என்பது அந்த ஊரில் அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. மாதையனுக்கு மடை கட்டச் சொல்லிக் கொடுப்பதே அவளாக இருக்கட்டும். புல்லும் களிமண்ணும் எப்படிச் சேர்த்து மிதித்தால் தண்ணீர் அரிக்காது என்று காட்டுகிறாள். தாகம் எடுக்கிறது. நாடிமுத்து வீட்டுத் திண்ணையில் மாதையனுக்குச் செம்பில் தண்ணீர் தருகிறார்கள், அசலூரான் என்றாலும் செம்பு கிடைக்கிறது. அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் அஞ்சலை கையைக் குவித்து வாயருகே வைக்க வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். மாதையன் இதைப் பார்க்கிறான். வந்த ஒரு வருடத்தில் அவன் குடும்பத்துக்குத் தண்ணீர் முறை கிடைத்துவிட்டது. இரவெல்லாம் மடை காக்கும் அஞ்சலையின் அப்பா பேர் அந்த வரிசையில் இல்லை. ஏன் என்று அவன் கேட்கட்டும். பெரியவர் ஒருவர் பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகட்டும். பண்ணையாட்களுக்குப் பாதுகாப்பு என்று தஞ்சைக்குச் சட்டம் வந்தது 1952இல்தான். அப்போது அஞ்சலைக்கு முப்பது வயது ஆகியிருக்கும். இதை உங்கள் பின்னுரையில் நான்கு வரியாகச் சொல்லுங்கள், கதைக்குள் சொல்லாதீர்கள். பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்களா என்று கவலைப்பட வேண்டாம். இதில் பாதியை அவர்கள் இன்றைக்கும் நேரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வரலாறு அதிகமா என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் வாத்தியார் அணையைப் பற்றிப் பாடம் நடத்துவதை மட்டும் எடுத்துவிடுங்கள். கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்ற எண் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. பண்ணவாடிப் பக்கத்தில் மூழ்கிய கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரமும், அணையில் தண்ணீர் வெகுவாகக் குறையும் வருடங்களில் இன்றைக்கும் வெளியே தெரிகின்றன. சேலத்துப் பக்கமிருந்து யார் வந்தாலும் மாதையன் ஓடிப்போய், ‘நந்திக்கு எதுவரைக்கும் தண்ணிங்க? காலா, கழுத்தா?’ என்று கேட்கட்டும். அணை நிரம்புவதைப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

சில பிழைகள் இருக்கின்றன, திருத்திக்கொள்ளுங்கள். கதையில் அணையை ஜூன் 12 அன்று திறக்கிறீர்கள். அந்தத் தேதி பிற்காலத்தில் பழகியது. 1934இல் கவர்னர் ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தது ஆகஸ்ட் 21. உங்கள் ஊர்க் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த நாளை ஊரிலேயே விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் தேதி போடாமல் எழுதலாம். மாதையன் அம்மா பொன்னி அரிசி வடிக்கிறாள். வெள்ளைப் பொன்னி வெளிவந்தது 1986இல். மேட்டு நிலத்து ஏழை வீட்டில் கேழ்வரகோ வரகோதான் அடுப்பில் இருந்திருக்கும், நெல்லுச் சோறு என்றைக்கோ ஒரு நாள். ‘ஐம்பது காசு’ என்று எழுதியிருக்கிறீர்கள். புதுக்காசு வந்தது 1957இல், அதற்கு முன் அணாவும் பைசாவும் சல்லியும்தான், ரூபாய்க்குப் பதினாறு அணா. லிட்டர், கிலோ வேண்டாம். அளக்கப் படி, மரக்கால், கலம், நிலத்துக்கு மா, வேலி போதும், பிள்ளைகள் சூழலிலிருந்தே புரிந்துகொள்வார்கள். இன்றைக்குப் பட்டுக்கோட்டைச் சாலையில் நீங்கள் பார்க்கும் தென்னந்தோப்பை அப்படியே 1934க்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

1906இல் எஃப்.ஆர். ஹெமிங்வே என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு) கிடைத்தால் பட்டுக்கோட்டைத் தாலுகா பற்றிய பக்கங்களைப் படியுங்கள். புது ஆறு வருவதற்கு முந்தைய உங்கள் ஊர் அதில் இருக்கிறது. அதைவிட முக்கியம், பழைய பத்திரங்கள். கால்வாய்க்கு நிலம் எடுத்த குடும்பங்கள் உங்கள் பக்கத்தில் இன்றும் இருக்கும். தகரப் பெட்டியில் ஏதாவது கிடக்கும். தொண்ணூறு வயதைத் தாண்டிய பாட்டிகளிடம் ‘வரலாறு சொல்லுங்கள்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ‘உங்க சின்ன வயசுல கூலியை எதுல வாங்குவீங்க பாட்டி, முந்தானையிலயா கூடையிலயா?’ என்று கேளுங்கள், பேச ஆரம்பித்துவிடுவார்கள். மலேயா ரப்பர் தோட்டத்தில் வேலை போய் 1930களின் தொடக்கத்தில் கப்பலேறித் திரும்பியவர்களின் கதையும் அப்போது வந்து விழும். சொந்த ஊருக்குத் திரும்பியும் அந்நியமாக நின்றவர்கள் அவர்கள். ஒரு டீக்கடைக்காரராகவோ, மாதையன் பக்கத்தில் வந்து உட்காரும் கிழவராகவோ ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ரொம்ப இழுக்க வேண்டாம்.

முழு நாவலையும் உடனே திருத்த உட்கார வேண்டாம். நாடிமுத்து கொல்லையில் கல் நடும் காட்சியை மட்டும், அவன் பார்வையிலேயே, நான்கு பக்கம் எழுதுங்கள். மாதையன் அதில் வரவே வேண்டாம். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்தச் சிறுமியிடம் கொடுங்கள். பக்கத்தில் நின்று விளக்காதீர்கள். அவள் அடுத்து என்ன கேட்கிறாள் என்பதை அப்படியே, அவள் சொன்ன சொல்லிலேயே, எனக்கு எழுதுங்கள்.